பெரிய சிஸ்டரின் ரிலீவர்

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போன பிறகுதான் மூடுபனி ஏறிவரும். கோத்தகிரியில் இந்த முதியோர் இல்லத்துக்குத் தலைமை நர்ஸாக வந்த முதல் நாள் தெபோராள் அதைப் புகை என்று நினைத்து, சமையலறையில்தான் தீப்பிடித்துவிட்டது என்று வராந்தாவில் ஓடினாள்; அவள் ஓடியதை யாரும் தடுக்கவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை, ஆயா மாதி மட்டும் ஈரத் துணியைப் பிழிந்தபடி, "பனிங்க மேடம்" என்றாள். இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டதா என்ன. ஆபீஸ் அறையின் கண்ணாடிக்கு வெளியே முதலில் பூவரசு மாதிரி இலை உள்ள அந்தப் பேர் தெரியாத மரம் காணாமல் போகும், பிறகு கேட், பிறகு கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இருக்கும் கல்பாதை. ஏதோ ஒன்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே அவளை நோக்கி வருவதுபோல. சாயங்கால டீக்குள் முடித்துவிட வேண்டும் என்று மேனேஜர் வேணுகோபால் காலையில் போனில் சொல்லியிருந்தார். "நீங்கதான் இன்சார்ஜ், சிஸ்டர். அந்த அம்மாவைப் பின்வார்டுக்கு மாத்திக் கதவைப் பூட்டுங்க. இல்லேன்னா வேற எங்கேயாவது அனுப்ப வேண்டியதுதான். இன்னொரு தடவை அப்படி நடந்தா யாரு பதில் சொல்றது?" அவள் சரி சார் என்று சொன்னாள். இருபது வருஷம் ஐ.சி.யூ.வில் டாக்டர்களிடம் சொன்ன அதே சரி. அங்கே சரி என்று சொன்னால் கை உடனே ஏதாவது செய்யும், மருந்தை ஏற்றும், குழாயைத் திருப்பும், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தும். இங்கே சரி என்ற சொல் காலையிலிருந்து வாயிலேயே கிடக்கிறது, கரையாத மாத்திரைபோல, கசப்பு மட்டும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

பூட்டுவது என்றால் என்ன, கதவைச் சாத்தி அதன் மேல் இருக்கிற அதைப் போடுவது. அதன் பேர் காலையிலும் வரவில்லை. மாதியிடம் கதவைக் காட்டி, "அதை... அதைப் போடு" என்றாள், மாதி போட்டாள், போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். தாழ்ப்பாள். வந்துவிட்டது. வராமலா போகும், தூக்கம் இல்லாவிட்டால் யாருக்கும் இப்படித்தான். பாளையங்கோட்டையில் ஐ.சி.யூ.வில் ஒரு நிமிஷம்கூட அமைதி கிடையாது, மானிட்டர் ஒன்று கூவும், அது ஓய்ந்தால் அடுத்தது கூவும், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மின்விசிறியில்கூட அந்தக் கூவல் கேட்கும். காது ஓயட்டும், முழங்காலும் ஓயட்டும் என்றுதான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டாள். மகள் கல்லூரி விடுதியில், கணவர் இம்மானுவேல் தோஹாவில், எங்கே இருந்தால் என்ன. இங்கே கூவல் இல்லை. இங்கே யாரும் பிழைத்து வீட்டுக்குப் போவதும் இல்லை, அதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அங்கே ஒரு படுக்கைக்கு இரண்டு வழி இருந்தது. இங்கே வந்தவர்கள் இருக்கிறார்கள், இருந்துகொண்டே இருக்கிறார்கள், தட்டு வருகிறது, தட்டு போகிறது, பனி வருகிறது. சத்தமே இல்லாத ஹாலில் நிற்கும்போது அவள் காது தானாகவே ஒரு கூவலை உண்டாக்கிக்கொள்கிறது. எங்கோ ஒரு மானிட்டர். எங்கோ யாருக்கோ நாடி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவள் தேடிப் போனால் அங்கே ஒரு கிழவி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

அந்த அம்மா என்று மேனேஜர் சொன்னது கோமளவல்லியை. இந்த இல்லம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே தலைமை நர்ஸாக இருந்தவள்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை, லீவு எடுக்கவில்லை, இந்த ஹாலிலேயே வயதாகி, இந்த ஹாலிலேயே ஞாபகம் கலைந்து, வேறு போக்கிடம் இல்லாததால் ஜன்னலோரப் படுக்கையில் நோயாளியாகவே தங்கிவிட்டவள். அவளுக்குப் பிறகு வந்தவர்கள் ஒருத்தரும் நிலைக்கவில்லையாம். ஆயாக்கள் இன்னமும் அவளைத்தான் பெரிய சிஸ்டர் என்கிறார்கள். தெபோராள் அவர்களுக்கு வெறும் மேடம்தான். பனி ஏறியதும் பெரிய சிஸ்டர் எழுந்துவிடுவாள், நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிவிடச் சொல்லுவாள், மாதி ஒரு ஸ்டீல் ட்ரேயில் பஞ்சும் ஊசியில்லாத சிரிஞ்சும் வைத்துக் கொடுப்பாள், கோமளவல்லி ரவுண்ட்ஸ் கிளம்புவாள். வெறும் மணிக்கட்டைக் கடிகாரமாக நினைத்துப் பார்த்தபடி நாடி பிடிப்பாள். பொருந்தாத இடம் என்று ஒன்றும் இராது, கையும் நிற்கிற விதமும் அத்தனை சரியாக இருக்கும், அதுதான் தெபோராளுக்கு முதல் நாள் முதுகில் சில்லிட்டது. அன்றைக்கு அவள் ஹாலின் நடுவில் நின்று யார் யார் என்று பழகிக்கொண்டிருந்தபோது பெரிய சிஸ்டர் நேராக வந்து தோளைத் தொட்டாள். "ஏம்மா, யாரு உங்களைக் கட்டில விட்டு இறங்கச் சொன்னா? புதுசா வந்தவங்க இல்ல நீங்க? பயப்படாதீங்க. கொஞ்ச நாள்ல பழகிடும்." தெபோராள் சிரித்தபடி மாதியைப் பார்த்தாள். மாதி சிரிக்கவில்லை. அருகில் வந்து அவள் முழங்கையைப் பிடித்து, "வாங்கம்மா, வந்து உட்காருங்க" என்று ஒரு காலிக் கட்டிலில் உட்கார வைத்தாள். பெரிய சிஸ்டருக்காகத்தான், அவள் நம்புவதற்காகத்தான், அது தெரியும், ஆனாலும் அந்தப் பிடி. நோயாளியைப் பிடிக்கும் பிடி. நடிப்பவர்களுக்கு அப்படிப் பிடிக்க வருமா. அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிஷங்களில் ஹாலில் இருந்த எல்லாரும் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள், அவளும் மடியில் கையை வைத்துக்கொண்டு, நான் எப்போது வந்தேன், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், உண்மையாகவே யோசித்தாள். இரவில் குவார்ட்டர்ஸில் படுத்தால் இன்னமும் அந்த இடத்திலேயே மனசு சிக்குகிறது. தான் யார் என்று கோமளவல்லிக்கும்தான் உறுதியாகத் தெரியும். எனக்குத் தெரிவதுபோலவே தெரியும். அவளுக்குள்ளே உட்கார்ந்து பார்த்தால் அங்கே ஒரு தலைமை நர்ஸ்தான் இருப்பாள்.

இதெல்லாம் போகட்டும், நடந்தது நடந்ததுதான். முந்தாநாள் ஹாலுக்கு எதிர் அறையில் பெஞ்சமினின் மூக்குக் குழாயைப் பெரிய சிஸ்டர் உருவிவிட்டாள். பெஞ்சமின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர், பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் குழாய்வழியாகத்தான் கஞ்சி. "டாக்டர் எடுக்கச் சொல்லிட்டார்" என்று சொல்லிக்கொண்டே, பிளாஸ்திரியை வலிக்காமல் பிரித்து, கழுத்தைச் சரியான கோணத்தில் வைத்து, ஒரே இழுப்பில். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, டம்ளரில் தண்ணீர் வேறு கொடுத்திருக்கிறாள். அவர் நீலம் பாரித்து இருமிய சத்தம் கேட்டுத் தெபோராள் ஓடிப்போய்ச் சளியை உறிஞ்சி எடுத்துப் புதுக் குழாயைப் போட்டபோது அவளுடைய கைகள் பல நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தன. அதையும் அவள் கவனித்தாள். ஒருத்தர் சாகப்போனபோதுதான் தனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை யாரிடம் சொல்ல முடியும். பெரிய சிஸ்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் வெளுத்து, கையில் குழாயோடு. பிறகு ஒன்றும் நடக்காததுபோல அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பின்வார்டு என்று தெபோராள் காலையில் சொன்னதும் மாதி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அந்த ரூம்ல போட்டுப் பூட்டுனா ஒரு வாரம் தாங்க மாட்டாங்க மேடம். நாங்க பாத்துக்கறோம்ங்க. எப்பவும் நாங்கதான் பாத்துக்கறோம்." நாங்க என்பதில் தெபோராள் இல்லை. எப்பவும் என்பதிலும் அவள் இல்லை.

அவள் எழுந்தாள். இனியும் உட்கார்ந்திருந்தால் ஹாலே கரைந்துபோய்விடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது எதுவுமே இல்லை, வெறும் வெள்ளை, அதில் அவள் முகம் மட்டும் லேசாக. பெண்கள் ஹாலில் விளக்கு போட்டிருந்தார்கள், பனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து விளக்கைச் சுற்றி நின்றது, பினாயில் வாசனையும் கம்பளி வாசனையும் வேகவைத்த கேரட் வாசனையும் சேர்ந்து ஈரமாக இருந்தன. கோமளவல்லி ரவுண்ட்ஸில் இருந்தாள். போய்க் கையைப் பிடித்து, வாங்கம்மா, வேற ரூமுக்குப் போகலாம் என்று சொல்ல வேண்டியதுதான், அவ்வளவுதான், குழந்தைகளை அழைத்துப் போவதுபோல. தெபோராள் பின்னாலேயே நடந்தாள். கையை நீட்டுகிற தூரம்தான். ஆனால் பெரிய சிஸ்டர் ஒரு கட்டிலில் நிற்கும்போது இவளும் நின்றாள், அவள் குனிந்தபோது தானும் லேசாகக் குனிந்திருப்பதை உணர்ந்து நிமிர்ந்தாள். பயிற்சிக் காலத்தில் மூத்த நர்ஸின் பின்னால் இப்படித்தான் கைகட்டிப் போவது. இல்லை, அது வேறு. இது அந்த அம்மாளின் நடையா என் நடையா, எந்தச் செருப்பு இப்படித் தேய்கிறது. படுக்கைகளில் கண்களைத் திறந்தபடி படுத்திருந்தவர்கள் பெரிய சிஸ்டரைப் பார்த்தார்கள், பிறகு தெபோராளைப் பார்த்தார்கள், இரண்டு பார்வைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது பிடி. இந்தக் கட்டிலைத் தாண்டினதும் பிடி. மாதியும் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடவே வந்துகொண்டிருந்தாள், தடுக்கவா உதவவா என்று தெரியாமல்.

கோமளவல்லி திரும்பினாள். முகத்தில் எரிச்சலும் களைப்பும், டூட்டி முடிகிற நேரத்தில் எந்த நர்ஸின் முகத்திலும் இருப்பவை. "மாதி, ரிலீவர் வந்தாச்சா?" அடுத்த டூட்டிக்கு ஆள் வந்தாச்சா என்று தினமும் கேட்கும் கேள்விதான், தெபோராளின் காதிலும் தினமும் விழுந்திருக்கிறது. "வந்துட்டே இருக்காங்க சிஸ்டர்" என்றாள் மாதி, பழகிய இழுப்பில். "பனிங்களா, பஸ் லேட்டு." "நேத்தும் லேட்டுன்னுதானே சொன்னே. எத்தனை நேரம்டி நான் நிக்கிறது? காலு ரெண்டும் விட்டுப்போச்சு." ட்ரே சரிந்து, சிரிஞ்சு ஸ்டீலில் உருண்டு சத்தம் போட்டது. தெபோராளுக்கு அந்தச் சத்தம் உள்ளே எங்கோ போய் இடித்தது. காலு ரெண்டும் விட்டுப்போச்சு. அவள் ஐ.சி.யூ.வில் மாற்று ஆள் வராமல் இரண்டு ஷிஃப்ட், மூன்று ஷிஃப்ட் என்று நின்றிருக்கிறாள், கால் ஒரு கட்டத்துக்கு மேல் வலிக்காது, கால் இல்லாமலே போய்விடும், அப்போதும் போக முடியாது, நோயாளிகளின் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள, ஓவர் எடுக்க, ஆள் வராமல் நர்ஸ் வார்டை விட்டு இறங்க முடியாது. இந்த அம்மாள் இறங்கவே இல்லை. சிரிஞ்சு கொடுத்தார்கள், ட்ரே கொடுத்தார்கள், சேலை கட்டிவிட்டார்கள், ஒருத்தரும் ஓவர் எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரே டூட்டியில் நிற்கிறாள். நினைத்து முடிப்பதற்குள் தெபோராளின் வாய் சொல்லிவிட்டது. "வந்துட்டேன் சிஸ்டர். நான்தான் ரிலீவர். பஸ் லேட்டாயிடுச்சு. ஓவர் குடுங்க."

கோமளவல்லி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு ட்ரேயை மாதியிடம் நீட்டிவிட்டு, ஹாலின் கோடிக்கு, முதல் கட்டிலுக்கு நடந்தாள், தெபோராள் கூடவே போனாள். "ஒண்ணாம் பெட். செல்லம்மாள். முழங்கால் மடங்காது. நடக்க வைக்கணும், ஆனா மெதுவா. அவசரப்படுத்துனா அழுதுடுவாங்க." அந்தக் கட்டிலில் இருந்தது அம்சவேணி, எழுந்து உட்காரவே முடியாதவள், கண்ணை மூடிக் கிடந்தாள். தெபோராள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "எடுத்துக்கிட்டேன் சிஸ்டர்." அடுத்தது. "ரோசம்மா. தண்ணி ஸ்பூன்ல குடுங்க, டம்ளரைக் காட்டாதீங்க, மிரளுவாங்க. மகன் வருவான்னு சொல்லுங்க. வர மாட்டான். ஆனா சொல்லுங்க." அந்தக் கட்டில் காலியாக, விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. "எடுத்துக்கிட்டேன்." "பங்கஜம் டீச்சர். பின்பக்கம் புண்ணு ஆறல. சுவர்ப் பக்கம் திருப்பாதீங்க, சுவரைப் பாத்தா கத்துவாங்க." மாதி எண்ணெய்க் கிண்ணத்தையும் ட்ரேயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தெபோராளின் காதருகில் வந்தாள், அவள் மூச்சு சூடாக இருந்தது. "மேடம், பங்கஜம் டீச்சர் செத்து எத்தனையோ வருஷமாச்சுங்க. ரோசம்மா, செல்லம்மாள், எல்லாம். நான்தான் குளிப்பாட்டினேன். இதெல்லாம் வேணாம் மேடம்." ஆனால் நிறுத்த முடியாது. பாதி ஓவரில் நிறுத்த முடியாது, அது எந்த நர்ஸுக்கும் தெரியும், பாதியில் நிறுத்தினால் மீதிப் பேர் யார் பொறுப்பு. கட்டிலுக்குக் கட்டில் போனார்கள். தலைமாட்டில் நின்று கோமளவல்லி ஒரு பேரைச் சொல்வாள், என்ன வலி, எதற்குப் பயம், யார் வரவில்லை என்று சொல்வாள், தெபோராள் எடுத்துக்கிட்டேன் என்பாள், சொல்லும்போதெல்லாம் தோளில் ஏதோ ஏறி அமர்வதுபோல இருந்தது, கனம் என்றும் சொல்ல முடியாது, ஈரத்துணி படுவதுபோல. உயிரோடு இருப்பவர்கள் தங்கள் கட்டிலில் வேறு பேர் சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள். யாரும் இது நான் இல்லை என்று சொல்லவில்லை. இவர்கள் பேரையும் பின்னால் ஒருநாள் வேறு யாருடைய கட்டிலிலாவது நின்று யாராவது சொல்வார்கள். நானா. நான்தான் சொல்வேனா.

கடைசியாக ஜன்னலோரம். அவள் நின்றாள், குரலைத் தாழ்த்தினாள், நோயாளிக்குக் கேட்கக் கூடாத சேதியைச் சொல்லும்போது நர்ஸுகள் தாழ்த்துவதுபோல. "இங்க ஒரு அம்மா இருக்காங்க. அவங்களைத்தான் கவனமாப் பாத்துக்கணும். நர்ஸுன்னு சொல்லிக்குவாங்க. டூட்டியில இருக்கோம்னு நினைப்பு. எதுத்துப் பேசாதீங்க, ஆமான்னு சொல்லிடுங்க." தெபோராள் ஒரு அடி பின்வாங்கினாள். என்னைத்தான் சொல்கிறாள். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள், அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து எனக்கு ஆபீஸ் கொடுத்து, நாற்காலி கொடுத்து, மேடம் என்று கூப்பிட்டு, மேனேஜர்கூடப் போனில் நீங்கதான் இன்சார்ஜ் என்று, ஆமாம் ஆமாம் என்று. அவள் மாதியைத் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். கட்டிலைப் பார்த்தாள். தலையணையில் நரைத்த முடி ஒன்று ஒட்டியிருந்தது, கட்டிலுக்கடியில் கோமளவல்லியின் இன்னொரு ஜோடிச் செருப்பு. "ட்யூப் பக்கம் மட்டும் அவங்களை விட்டுடாதீங்க" என்றாள் கோமளவல்லி. கட்டில் விரிப்பைத் தடவிச் சரிசெய்தாள். "ரெண்டு நாள் முன்னாடி ஒரு தப்பு நடந்துபோச்சு. வேணும்னு செய்யல. கை தானாப் போயிடுச்சு அவங்களுக்கு. அந்த ஆளு... எதிர் ரூம்ல இருக்காரே, அவரு எப்படி இருக்காரு?" தெபோராள் எதிர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பெஞ்சமின் நல்லா இருக்கார் சிஸ்டர். இப்பத்தான் பாத்தேன். தூங்குறார்." "அப்ப சரி." "அந்த அம்மாவையும் எடுத்துக்கிட்டேன். நான் பாத்துக்கறேன்." கோமளவல்லி தலையசைத்தாள். "நான் கிளம்பட்டுமா?" "கிளம்புங்க சிஸ்டர்." "பஸ் இருக்குமா இந்நேரத்துக்கு?" "இருக்கும்." அவள் கட்டிலில் ஏறி ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தாள், பஸ்ஸில் உட்காருவதுபோலவே, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு. வெளியே வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலை சாய்ந்தது. மாதி தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்தாள்.

சாயங்கால டீக்கு அவள் எழவில்லை. மூச்சு சீராக இருந்தது, நாடியும் இருந்தது, தெபோராள் பார்த்துவிட்டாள், மறுபடியும் பார்த்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், கண்ணில் யாரும் இல்லை. மாதி ஸ்பூனில் டீயை வாயில் விட்டாள், அது கடைவாயில் வழிந்தது, தெபோராள் தொண்டையைத் தடவிக் கொடுத்த பிறகுதான் விழுங்கினாள். "இப்படி இவங்க படுத்து நான் பாத்ததில்லீங்க" என்றாள் மாதி. அழவில்லை, ஆனால் குரல் முழுக்க ஈரம். "அந்தக் கேள்வி கேட்டுக்கேட்டுத்தான் நடந்துட்டு இருந்தாங்க. நீங்க வந்து உக்கார வெச்சுட்டீங்க." தெபோராள் வழிந்த டீயைத் துடைத்தாள். நல்லது செய்தேனா, கதவைப் பூட்டியிருந்தால்கூட உள்ளே நடந்துகொண்டாவது இருந்திருப்பாளா. போன் அடித்தது. மாத்தியாச்சா என்று கேட்டார் மேனேஜர். "தேவையில்ல சார். கதவு பூட்ட வேண்டாம். இனிமே எழுந்து நடக்க மாட்டாங்க" என்றாள், தன் குரல் இத்தனை நிச்சயமாகச் சொன்னதைக் கேட்டு அவளுக்கே பயமாக இருந்தது. "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு, நல்லா ஹேண்டில் பண்ணிட்டீங்க சிஸ்டர்" என்றார் அவர்.

இரவு நர்ஸ் வந்தபோது பனி இன்னும் விலகவில்லை, வெளிச்சம் மட்டும் குறைந்திருந்தது. தெபோராள் அவளைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் ஓவர் கொடுத்தாள். அம்சவேணிக்குச் சளி, ஜன்னலோரம் பெரிய சிஸ்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும், எதிர் அறையில் பெஞ்சமினுக்குக் குழாயில் கஞ்சி. ஒன்றையும் விடவில்லை. காலிக் கட்டிலின் முன்னால் மட்டும் கால் தயங்கியது. அந்தப் பெண் எதற்கு நிற்கிறோம் என்று புரியாமல் கட்டிலையும் இவளையும் பார்த்தாள். "அவ்வளவுதானா மேடம்?" சொல்லலாம். ரோசம்மாவுக்குத் தண்ணீர் ஸ்பூனில் என்று சொன்னால் இந்தப் பெண் என்ன செய்வாள், ஆமாம் மேடம் என்பாள், பிறகு மாதியைப் பார்ப்பாள். அந்தப் பார்வை தெபோராளுக்குத் தெரியும். எடுத்துக்கொள்ள ஆள் இல்லாததைக் கொடுக்கவும் முடியாது. "அவ்வளவுதான்" என்றாள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வராந்தாவில் இறங்கினாள். குவார்ட்டர்ஸுக்குப் போகும் கல்பாதை நாலடிக்கு மேல் தெரியவில்லை, தேயிலைச் சரிவிலிருந்து குளிர் ஏறி வந்தது, எல்லா நாளும் அவள் அந்தப் பாதையை ஓட்டமாகத்தான் கடப்பாள். இன்றைக்கு மெதுவாகவே நடந்தாள். செல்லம்மாளைப்போல வேகமாக நடக்க முடியாதவர்கள் அவளோடு வந்துகொண்டிருந்தார்கள்.